சிறார் உளவியலாளராக சிங்கப்பூர் வருகிறீர்களா? அங்கீகாரத்துக்கான வழி

சிங்கப்பூரில் உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள இதுநாள்வரை சட்டப்படி உரிமம் எதுவும் தேவைப்பட்டதில்லை. இதைக் கேட்டதும் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் பலர் 'அப்பாடா' என்று மூச்சுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். உரிமம் கொடுக்கிற அலுவலகம் ஒன்று இருந்தால் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, உண்டு அல்லது இல்லை என்று ஒரே இடத்தில் பதில் வாங்கிவிடலாம். இங்கே அப்படி ஒரு இடம் இல்லாததால் பதிவேடு வைத்திருக்கும் சங்கம், வேலை கொடுக்கிற நிறுவனம், மனிதவள அமைச்சு, பள்ளி, தேர்வுக் கழகம், கடைசியில் பிள்ளையின் பெற்றோர் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக உங்களை எடைபோடுகிறார்கள்.

ஆனால் இவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். பிள்ளைகளோடு, தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில், எத்தனை மணி நேரம் வேலை செய்திருக்கிறீர்கள்? அதற்கு எழுத்தில் என்ன அத்தாட்சி? விமானம் ஏறுவதற்கு முன்பே இதற்குப் பதிலைத் தயார் செய்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு அந்தத் தாள்களைத் தேடி அலைவது பெரும்பாடு.

சட்டம் எங்கே நிற்கிறது

பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சு சிகிச்சையாளர் ஆகியோர் இங்கே பதிவில்லாமல் வேலை பார்க்க முடியாது. 2011இல் நிறைவேறிய அலைட் ஹெல்த் புரொஃபெஷன்ஸ் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. பின்னர் ரேடியோகிராபர்களும் கதிரியக்க சிகிச்சையாளர்களும் அதற்குள் வந்தார்கள். உளவியலாளர்கள் வெளியிலேயே நின்றார்கள். அவர்களையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரும் எண்ணத்தை சுகாதார அமைச்சு வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. எனவே விண்ணப்ப வேலையைத் தொடங்கும் நாளில் முதலில் அமைச்சின் இணையத்தளத்தைப் பாருங்கள். நண்பர் சொன்னது, வாட்ஸ்அப் குழுவில் வந்தது, இரண்டு வருடம் முன்பு யாரோ எழுதியது இவையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சட்டம் இல்லாத காலத்தில் அந்த இடத்தை நிரப்பி வந்தது சிங்கப்பூர் உளவியல் சங்கம். 1979இல் தொடங்கிய சங்கம். அது நடத்தும் சிங்கப்பூர் உளவியலாளர் பதிவேட்டை எல்லாரும் எஸ்ஆர்பி என்றே சொல்வார்கள். சேர்வது உங்கள் விருப்பம். ஆனால் வேலை விளம்பரங்களில் 'எஸ்ஆர்பி பதிவு அல்லது அதற்கான தகுதி' என்ற வரி அடிக்கடி வரும். ஆக, பெயருக்குத்தான் விருப்பம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஆலோசகர்களுக்கு, அதாவது கவுன்சிலர்களுக்கு, வேறு சங்கமும் வேறு பதிவேடும் உண்டு. மனநல மருத்துவர்கள் மருத்துவ மன்றத்தில் பதிவு செய்த டாக்டர்கள். மருந்து எழுதுவது அவர்கள் மட்டும்தான். நம் பெற்றோர் இந்த மூவரையும் 'டாக்டர்' என்றே கூப்பிடுவார்கள். உங்களிடம் முனைவர் பட்டம் இல்லையென்றால் முதல் சந்திப்பிலேயே சிரித்துக்கொண்டே திருத்திவிடுங்கள். மரியாதையாகச் சொல்கிறார்களே என்று விட்டுவைத்தால், பின்னால் புகார் என்று வரும்போது அது தகுதியை மிகைப்படுத்திக் காட்டிய கதையாகிவிடும். பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர்கள் உங்களை ஆன்ட்டி, அங்கிள், மிஸ், சிலசமயம் 'சார்' என்று எதையாவது சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

முதல் படி: எந்தக் கிளை என்று முடிவு செய்யுங்கள்

சிறார் உளவியலாளர் என்று தனியாக ஒரு பட்டம் இங்கே புழக்கத்தில் இல்லை. மருத்துவ உளவியல், கல்வி உளவியல், ஆலோசனை உளவியல், தடயவியல் உளவியல் என்று கிளைகள் உண்டு. பிள்ளைகளோடு வேலை எல்லாக் கிளையிலும் இருக்கிறது, ஆனால் இடமும் வேலையின் தன்மையும் வேறு.

மருத்துவ உளவியல் படித்தவர்களுக்கு மருத்துவமனைகள். மனநலக் கழகத்தின் சைல்ட் கைடன்ஸ் கிளினிக், கேகே மகளிர் சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகிய மூன்றும் முதலில் நினைவுக்கு வருபவை. பதற்றம், மனச்சோர்வு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, ஏடிஎச்டி எனும் கவனக்குறைவுக் கோளாறு, ஆட்டிசம் எல்லாம் இங்கே வரும். மனநலக் கழகம் 2007இல் தொடங்கிய ரீச் என்ற திட்டத்தின் வழியாக, பள்ளி ஆலோசகர்கள் அனுப்பும் மாணவர்களைச் சமூகத்திலேயே சந்திக்கும் குழுக்களும் உண்டு. மருத்துவமனை அறைக்குள்ளேயே உட்கார விரும்பாதவர்களுக்கு இது நல்ல இடம்.

கல்வி உளவியலாளர்களைக் கல்வி அமைச்சும், சிறப்புக் கல்விப் பள்ளிகளும், டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடுள்ளவர்களுக்காக 1991இல் தொடங்கிய டிஸ்லெக்சியா சங்கமும் எடுக்கின்றன. சோதனை நடத்துவது, அறிக்கை எழுதுவது, ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசுவது இதில் அதிகம். ஆறு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு இபிக் என்ற ஆரம்பகாலத் தலையீட்டு நிலையங்கள் இருக்கின்றன. ரெயின்போ சென்டர், ஆவா, எஸ்பிடி போன்ற சமூக சேவை அமைப்புகள் இவற்றை நடத்துகின்றன. துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளைகள், சட்டத்தில் சிக்கிய இளையர்கள் ஆகியோருக்கு சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சில் தனி உளவியல் பிரிவு உண்டு.

'பிள்ளைகளோடு எதுவானாலும் சரி' என்று எல்லா இடத்துக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்புகிறவர்களை இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. உங்கள் மேற்பார்வை மணிநேரங்கள் எந்தக் கிளையில் அதிகம் விழுந்திருக்கின்றனவோ அதுதான் உங்கள் கிளை. ஆசை வேறு பக்கம் இழுத்தாலும், இங்கே காலூன்றிய பிறகு அந்தப் பக்கம் நகரலாம்.

இரண்டாம் படி: தாள்கள்

முழுக் கவனமும் இங்கேதான் வேண்டும்.

சங்கத்தின் பதிவேடு எதிர்பார்ப்பது, செயல்முறை உளவியலில் முதுகலை அல்லது அதற்கு மேற்பட்ட பட்டம், அந்தப் படிப்புக்குள்ளேயே மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி. 1,000 மணி நேரம் என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய அங்கீகாரம் பெற்ற மருத்துவ உளவியல் முதுகலைப் படிப்புகளும் அந்த அளவைத்தான் கேட்கின்றன, இங்குள்ள படிப்புகளும் அதை ஒட்டியே அமைந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் இரண்டு வருடம் எம்எஸ்சி உளவியல் படித்த பலரிடம் பட்டம் இருக்கும். ஆனால் களப்பயிற்சி என்பது ஒரு மாதம் மருத்துவமனையில் பார்வையாளராக உட்கார்ந்ததாகவே இருக்கும். அதை மணிக்கணக்காக ஊதிப் பெருக்கிக் காட்டாதீர்கள். மதிப்பிடுகிறவர்களும் இதே துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

இந்திய மறுவாழ்வு மன்றத்தின் கீழ் இரண்டு வருட எம்ஃபில் முடித்து, அதன் பதிவேட்டில் சேர்ந்து சிஆர்ஆர் எனும் பதிவு எண் வாங்கியவர்கள் நல்ல நிலையில் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. பிரிட்டிஷ் முறையில் பழகியவர்களுக்கு எம்ஃபில் என்றால் ஆராய்ச்சிப் பட்டம். உங்களுடையது முழுநேர மருத்துவமனைப் பயிற்சி என்பது உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கிற மனிதவள அதிகாரிக்குத் தெரியாமல் போகலாம். அந்தப் படிப்பையே இந்தியா படிப்படியாக முடித்துக்கொண்டு வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 கல்வியாண்டு வரைதான் அதற்கு அவகாசம் தந்தது. இனி அந்தப் பெயரே பலருக்குப் புதிராக இருக்கும். எனவே விண்ணப்பக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே இரண்டு வரியில் விளக்குங்கள்: எத்தனை வருடம், எந்த வார்டுகளில், யார் மேற்பார்வையில், எந்த மன்றத்தின் அங்கீகாரத்தோடு.

மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அங்கே 2016ஆம் ஆண்டின் அலைட் ஹெல்த் சட்டத்தில் மருத்துவ உளவியலாளர்களும் அடக்கம் என்பதால், கையில் காட்ட அரசுப் பதிவு ஒன்று இருக்கும்.

சரி, எந்தெந்தத் தாள்கள்? பட்டச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் எல்லாருக்கும் தெரிந்தவை. பெரும்பாலானோர் மறப்பது பாடத்திட்டம். நீங்கள் படித்த ஆண்டுக்குரிய, துறைத்தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள முழுப் பாடத்திட்டம் வேண்டும். குழந்தை வளர்ச்சி, சோதனைகள், சிகிச்சை முறைகள் என்று எதைப் படித்தீர்கள் என்பது அதில்தான் தெரியும். பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், இணையத்தில் கிடைக்கும் இன்றைய பாடத்திட்டம் உங்களுடையது அல்ல.

அப்புறம் மேற்பார்வையாளர் கடிதம். இதை நீங்களே வரைவு எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதுதான் நம் ஊர் நடைமுறை, அதில் தப்பில்லை. ஆனால் 'இவர் எங்கள் மருத்துவமனையில் சிறப்பாகப் பணியாற்றினார், நல்ல ஒழுக்கம் உடையவர்' என்று எழுதிய கடிதத்தால் இங்கே ஒரு பயனும் இல்லை. மேற்பார்வையாளரின் தகுதியும் பதிவு எண்ணும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, மொத்த மணிநேரம் எவ்வளவு, அதில் நேரடியாகப் பிள்ளைகளைச் சந்தித்தது எவ்வளவு, எந்த வயதினர், எந்தெந்தச் சோதனைகளை நீங்களே நடத்தினீர்கள், எந்தச் சிகிச்சை முறை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் தனி மேற்பார்வை ஆகிய விவரங்கள் இருக்க வேண்டும். பெரியவர்களோடு செய்த வேலையைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். பிள்ளைகளோடு செய்தது குறைவாகத் தெரிந்தாலும் பிரித்துக் காட்டுவதே உங்களுக்கு நல்லது. மொத்தமாகக் கலந்து எழுதினால், நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும்.

மேற்பார்வையாளர் ஓய்வு பெற்றுவிட்டால் அல்லது வெளிநாடு போய்விட்டால், துறைத்தலைவர் பழைய பதிவேடுகளைப் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். அதற்கு உங்களிடம் லாக் புக் இருக்க வேண்டும். படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே ஒரு எக்செல் கோப்பு தொடங்கி ஒவ்வொரு நாளும் பதிந்து வாருங்கள். பிள்ளைகளின் பெயர் அதில் கூடாது. வயது, பிரச்சினையின் வகை, செய்த வேலை, நேரம், இவ்வளவு போதும்.

மூன்றாம் படி: சங்கமும் பதிவேடும்

முதலில் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், பிறகு பதிவேட்டுக்கு விண்ணப்பம். படிவம், கட்டணம் எல்லாம் சங்கத்தின் இணையத்தளத்தில் இருக்கின்றன, நான் இங்கே திருப்பி எழுதவில்லை. நன்னெறிக் கோவையை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். பதிவுக்குப் பிறகும் தொடர்கல்வி உண்டு. எனவே போகும் பயிலரங்குகளின் சான்றிதழ்களை எடுத்துவைக்கும் பழக்கம் வேண்டும்.

பதிவு கிடைத்தால் எந்த வயதினரோடும் எந்தப் பிரச்சினையோடும் வேலை செய்யலாம் என்று பொருளில்லை. உங்கள் பயிற்சிக்குள் வருவதை மட்டுமே செய்யவேண்டும் என்பது நன்னெறி. பெரியவர்களின் மனச்சோர்வில் கைதேர்ந்த ஒருவர், பதிவு இருக்கிறது என்ற தைரியத்தில் நான்கு வயதுப் பிள்ளைக்கு ஆட்டிசம் மதிப்பீடு செய்யக் கூடாது. தனியார் நிலையங்களில் இந்த நெருக்கடி நிச்சயம் வரும்: 'பேரண்ட்ஸ் கேட்கிறார்கள், நீங்களே பார்த்துவிடுங்கள்.' அப்போது முடியாது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: வேலை அனுமதி

பதிவேடு வேறு, மனிதவள அமைச்சு வேறு. ஒன்று கிடைத்ததால் மற்றது தானாக வராது.

இபி என்று எல்லாரும் சொல்லும் எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு 2025 ஜனவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி. வயது கூடக் கூட இந்தத் தொகையும் ஏறும். இந்த எண்கள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் விண்ணப்பிக்கும் மாதத்தில் அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு மேல், 2023 செப்டம்பர் முதல் காம்பஸ் என்ற புள்ளி முறை நடப்பில் இருக்கிறது. 40 புள்ளிகள் வேண்டும். சம்பளம், கல்வித்தகுதி, நிறுவனத்தில் எந்த நாட்டவர் எத்தனை பேர், உள்ளூர்வாசிகளுக்கு எவ்வளவு வேலை கொடுத்திருக்கிறது என்று கணக்குப் போடுவார்கள். மருத்துவ உளவியலாளர் என்ற பதவி ஆள்பற்றாக்குறைப் பட்டியலில் இடம்பெற்றிருப்பதால், அதற்குக் கூடுதலாக 20 புள்ளிகள்வரை கிடைக்க வழி உண்டு. ஆகவே வேலை ஒப்பந்தத்தில் உங்கள் பதவியின் பெயர் என்ன என்பது சின்ன விஷயமில்லை. அதற்காக, கல்வி உளவியல் வேலை செய்கிறவரை மருத்துவ உளவியலாளர் என்று எழுதவும் முடியாது.

பட்டத்தைக் காட்டிப் புள்ளி கேட்டால், அந்தப் பட்டம் உண்மையானதா என்று சரிபார்த்த அத்தாட்சியையும் நிறுவனம் கொடுக்க வேண்டும். சரிபார்க்கும் நிறுவனம் உங்கள் பல்கலைக்கழகத் தேர்வுத்துறைக்கு எழுதும். சில பல்கலைக்கழகங்களில் அந்தக் கடிதம் மேசையிலேயே தூங்கும். ஊரில் யாராவது நேரில் போய் விசாரிக்கத் தயாராக இருப்பது நல்லது.

கணவரோ மனைவியோ ஏற்கெனவே இங்கே வேலையில் இருந்து, டிபி எனும் சார்ந்திருப்போர் அட்டையில் வருகிறவர்கள் நம் ஆட்களில் நிறையப் பேர். முன்பெல்லாம் சம்மதக் கடிதம் ஒன்றை வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். 2021 மே முதல் அது மாறிவிட்டது. வேலை செய்ய உங்கள் பெயரிலேயே தகுந்த வேலை அனுமதி வேண்டும். 'நாலைந்து பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கவுன்சலிங் செய்கிறேன், கையில் பணம் வாங்கிக்கொள்கிறேன்' என்று தொடங்காதீர்கள். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதாவது ஆனால், உங்களுக்குப் பின்னால் மேற்பார்வையாளரும் இல்லை, நிறுவனமும் இல்லை, காப்பீடும் இல்லை.

தகுதி பாதிதான் இருக்கிறது என்றால்

எம்எஸ்சி மட்டும் இருந்து களப்பயிற்சி போதாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, அசோசியேட் சைக்காலஜிஸ்ட் என்ற பதவி. இளங்கலை அல்லது பயிற்சியில்லாத முதுகலை முடித்தவர்களை மருத்துவமனைகளும் சமூக சேவை அமைப்புகளும் இந்தப் பெயரில் எடுத்து, மூத்தவர்களின் கீழ் வேலை கொடுக்கின்றன. சம்பளம் குறைவு, கற்றுக்கொள்வது அதிகம். சம்பளம் குறைவென்றால் அனுமதி கிடைப்பதும் சிரமம் என்பதால், வெளிநாட்டவருக்கு இது எளிய வழி இல்லை. நிரந்தரவாசிகளுக்கு நன்றாகப் பொருந்தும்.

இன்னொன்று, இங்கேயே படிப்பது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகத்திலும் மருத்துவ உளவியல் முதுகலை இருக்கிறது. தேசியக் கல்விக் கழகத்தில் கல்வி உளவியல், ஆலோசனை உளவியல் பக்கம் போகும் செயல்முறை உளவியல் முதுகலை இருக்கிறது. இடங்கள் குறைவு, போட்டி கடுமை, செலவும் பெரிது. ஆனால் களப்பயிற்சி உள்ளூர் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் நடப்பதால், படித்து முடிக்கும்போது உங்களைத் தெரிந்தவர்கள் துறையில் இருப்பார்கள். நாற்பது வயதில், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதைச் செய்வதா என்று கேட்டால், இங்கே பத்து வருடமாவது இருக்கப்போகிறீர்கள் என்றால் செய்யலாம். மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்த குடும்பம் என்றால் யோசியுங்கள்.

ஐந்தாம் படி: அறிக்கை

வேலை கிடைத்துவிட்டது. இனிமேல் உங்கள் அங்கீகாரம் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. பிள்ளைகளோடு வேலை செய்கிற உளவியலாளரின் அறிக்கை அலமாரியில் தூங்குவதில்லை. பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும், தேர்வில் கூடுதல் நேரம் கிடைக்குமா, தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கு உண்டா என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகின்றன. கல்வி அமைச்சு, சிறப்புத் தேவையுள்ள மாணவர்களை மதிப்பிடுவதற்கும் பள்ளியில் சேர்ப்பதற்கும் தொழில்முறை வழிகாட்டி நெறிகளை வெளியிட்டிருக்கிறது. 2018இல் அதைத் திருத்தினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோடு வேலை செய்ய வருகிறவர் அதை முதல் வாரமே படித்துவிட வேண்டும். பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு போன்றவற்றுக்குச் சலுகை கேட்கும்போது சிங்கப்பூர் தேர்வு, மதிப்பீட்டுக் கழகம் அண்மைக்கால அறிக்கையையே ஏற்கும். பழைய அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லும் பெற்றோர் வருவார்கள்.

தமிழ்க் குடும்பங்களிடமிருந்து வரும் வேண்டுகோள்களில் மிகவும் சங்கடமானது தாய்மொழி விலக்கு. பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை, டிஸ்லெக்சியா என்று எழுதிக் கொடுத்தால் பாரம் குறையும் என்பார்கள். உண்மையிலேயே எழுத்துக் குறைபாடுள்ள பிள்ளைக்கு விலக்கு பெரிய நிம்மதி, அதில் தயங்க ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் சரளமாகப் படித்து எழுதும் பிள்ளைக்குத் தமிழ் மட்டும் தடுமாறினால், வீட்டில் தமிழ் பேசுகிறார்களா என்பதே முதல் கேள்வி. முடிவை முன்கூட்டியே சொல்லிக் கேட்கிற அறிக்கைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் உளவியலாளர்கள் சிலர்தான், யார் எப்படி எழுதுகிறார்கள் என்பது பள்ளிகளுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான சிக்கல் ஒன்று. திருச்சியிலிருந்து வந்து ஆறு மாதமான ஒன்பது வயதுப் பையன் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் பேசுவதில்லை, கவனமில்லை என்று பள்ளி அனுப்புகிறது. ஆறு வயது முதல் பதினாறு வயதுவரை பயன்படும் விஸ்க் என்ற அறிவுத்திறன் சோதனையை ஆங்கிலத்தில் நடத்துகிறீர்கள். சொல்வளம் கேட்கும் பகுதியில் மதிப்பெண் தரையில் கிடக்கிறது, வடிவங்களை அடுக்கும் பகுதியில் சராசரிக்கு மேல். மொத்த எண்ணைக் கூட்டி 'அறிவுத்திறன் குறைவு' என்று எழுதினால் அந்தப் பையனின் பள்ளி வாழ்க்கை தடம் மாறிவிடும். கேள்விகளை அங்கேயே தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டாலும் அந்தச் சோதனையின் ஒப்பீட்டு அளவுகள் செல்லாது. தமிழ் தெரிந்த உளவியலாளரின் பயன் இந்த இடத்தில்தான். அளவுகோலுக்கு வெளியே, பையனோடு தமிழில் உட்கார்ந்து பேசி, கதை சொல்லச் சொல்லி, ஊரில் வாங்கிய மதிப்பெண்களைப் பார்த்து, அம்மாவிடம் எத்தனை வயதில் பேசினான் என்று விசாரித்து, அதையெல்லாம் அவதானிப்பு என்று தனியாகக் குறித்து எழுத வேண்டும். பேசும்போது வீட்டுத் தமிழில் பேசுங்கள். பாடப்புத்தக நடையில் 'உனக்கு எது மகிழ்ச்சியளிக்கிறது' என்று கேட்டால், இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கு அது தேர்வுக் கேள்வி மாதிரிதான் கேட்கும்.

தமிழ் தெரியும் என்பதை விண்ணப்பத்தில் எப்படிச் சொல்வது? 'தமிழ்: பேச, எழுத' என்று கடைசி வரியில் போடுவதைவிட, தமிழிலேயே பெற்றோர் நேர்காணலும் சிகிச்சையும் நடத்திய அனுபவம் இருந்தால் அதைக் களப்பயிற்சி விவரத்துக்குள் எழுதுங்கள். 1991 முதல் இயங்கும் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் குடும்ப சேவை நிலையம் போன்ற இடங்களை அறிந்துவைத்திருப்பதும் உதவும். பல குடும்பங்கள் முதலில் அங்கேதான் போகும்.

சம்மதமும் பாதுகாப்பும்

இந்தியச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே வேலை செய்யாதீர்கள். சிங்கப்பூரின் சிறார், இளையர் சட்டத்தில் 14 வயதுக்குட்பட்டவர் சிறார், 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர் இளையர். 18 என்ற எல்லை 2020இல் நடப்புக்கு வந்தது, அதற்கு முன் 16. இன்னொரு பக்கம், பொதுச் சட்டப்படி முழு வயது 21. ஆக, பதினாறு வயதுப் பெண் தனியாக வந்து 'அம்மாவுக்குத் தெரியக் கூடாது' என்றால் என்ன செய்வது என்பதற்கு உங்கள் நிறுவனத்தில் எழுதிவைத்த நடைமுறை இருக்கும். முதல் நாளே அதைக் கேட்டு வாங்குங்கள். ரகசியம் எதுவரை, எப்போது பெற்றோரிடம் சொல்ல வேண்டிவரும் என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒன்றாக உட்காரவைத்து முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது உத்தமம். மாமியார், பெரியப்பா எல்லாரும் கூடவே வந்து அறிக்கையின் நகல் கேட்பார்கள். 2012இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை அவர்களிடம் விளக்கத் தேவையில்லை, 'அப்பா அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன்' என்றால் போதும்.

அடி, துன்புறுத்தல் பற்றிப் பிள்ளை சொன்னால் தனியாக முடிவெடுக்காதீர்கள். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு, துறைவாரியான முதற்கட்டப் பரிசோதனை வழிகாட்டி ஒன்றையும் சிறார் துன்புறுத்தல் குறித்துப் புகாரளிக்கும் வழிகாட்டி ஒன்றையும் வைத்திருக்கிறது. பயிற்சி கொடுத்துத்தான் பயன்படுத்தச் சொல்வார்கள். பிரம்பு விற்கிற கடைகள் இருக்கிற ஊர் இது. கண்டிப்புக்கும் துன்புறுத்தலுக்கும் நடுவே கோடு எங்கே என்பதை மேற்பார்வையாளரோடு பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வன்முறைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, நாள் முழுவதும் எடுப்பார்கள். மனநல நெருக்கடிக்கு மனநலக் கழகத்தின் 6389-2222, 2025இல் தொடங்கிய தேசிய மனநல எண் 1771. மூன்றையும் கைப்பேசியில் சேமித்து வையுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது

பெயர்களை மறைத்த இரண்டு மாதிரி அறிக்கைகள், மேற்பார்வைக் கடிதங்கள், பாடத்திட்டம், எந்தச் சோதனைக்கு எங்கே பயிற்சி பெற்றீர்கள் என்ற ஒரு பக்கப் பட்டியல். மாதிரி அறிக்கையில் ஊர், பள்ளி, தந்தையின் தொழில் ஆகியவையும் மறைக்கப்பட வேண்டும். பெயரை மட்டும் அடித்துவிட்டு மற்றதை விட்டுவைத்தால் அந்த அறிக்கையே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

நீங்கள் ஒரு கேள்வியைக் கட்டாயம் திருப்பிக் கேளுங்கள்: 'எனக்கு மேற்பார்வை யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?' பதில் மழுப்பலாக இருந்தால், சம்பளம் நன்றாக இருந்தாலும் நான் அந்த வேலையை எடுக்கச் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வருடம் மேற்பார்வை இல்லாமல் வேலை செய்தவரின் மணிநேரங்களைப் பின்னால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சட்டப்பதிவு வரும்போது அந்தக் காலத்துக்கு நீங்கள் காட்டக் கையில் எதுவும் இருக்காது.